எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

பெட்ரோல் வாடை எனக்கு ஆகாது, சார். கல்யாணமாகி வந்த புதிதில் ஒருமுறை கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு வாடகைக் காரில் போனோம். கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போவதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு எனக்கு எப்போதும் பஸ்தான், அதுவும் ஜன்னலோரம். எங்கள் வீட்டிலேயே இருபத்தைந்து வருடமாக ஒரு வெள்ளை மாருதி கார் நின்றது. அதில் நான் ஏறியது பத்துத் தடவை இருக்காது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரைக் கரண்டில் ஓடுகிற காராக மாற்றலாம் என்ற பேச்சு என்னுடைய வாந்தியிலிருந்துதான் ஆரம்பித்தது.

உட்கார்ந்து நிதானமாக எழுதிக் கொடுங்கள் என்று தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. தமிழிலேயே எழுதலாம், மாற்றி எழுத ஆள் இருக்கிறது என்று ரிஞ்சு மேடம் சொன்னார். இந்த ஸ்டேஷனில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்த பெண் போலீஸ் அவர்தான். நான் எட்டாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கையெழுத்து புரியும் என்று நினைக்கிறேன்.

என் பேர் கமலாத்தாள். வயது அறுபத்தாறு. கணவர் கருப்புசாமிக்கு எழுபத்தொன்று. மாந்தோப்பும் தென்னையுமாக எங்களுக்கு ஆறு ஏக்கர் இருக்கிறது. ஒரே பையன் ரமேஷ்குமார் கத்தாரில் வேலை செய்கிறான். அவன் மனைவி அனுப்பிரியா எங்களோடு இருந்தாள். இருபத்தொன்பது வயது. அவள் போய் இன்றைக்குப் பதினோராம் நாள்.

அனுப்பிரியா நல்ல பெண். இதை நான் எங்கேயும் மறைத்துப் பேசமாட்டேன். எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளிப்பாள். முட்டி வலி என்றால் கேட்காமலே தைலம் தேய்த்துவிடுவாள். எலக்ட்ரிகல் டிப்ளமா படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் பேட்டரி கோக்கிற ஒரு கம்பெனியில் நாலு வருடம் வேலை பார்த்தவள். போன புரட்டாசியில் ஒருநாள் காலைப் பலகாரம் சாப்பிடும்போது அவள்தான் கேட்டாள்.

“ஏனுங்க அத்தை, காருன்னாலே ஏன் மூஞ்சியத் திருப்பிக்கறீங்க?”

“வாடை ஆகாது கண்ணு.”

“அப்ப வாடையே இல்லாத காரா மாத்திப்போட்டாச் சரியாப் போச்சு. மாமா, எஞ்சினைக் கழட்டி வீசிட்டு மோட்டார் வெச்சுருவமுங்களா?”

என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வருடமாக நான் எது சொன்னாலும் பேப்பருக்குப் பின்னாலிருந்துதான் பதில் வரும். வராமலும் போகும். அன்றைக்கு அவர் பேப்பரை நாலாக மடித்துக் கீழே வைத்தார்.

“ஆகுமா அம்மிணி?” என்றார்.

“ஏனுங்க ஆகாது? நீங்க தோட்டத்து மோட்டார்களை நீங்களே கழட்டி வைண்டிங் கட்டறீங்க. நான் பேட்டரி கோப்பேன். ரெண்டு பேரும் சேந்தா ஆகாதுங்களா?”

“சரி, அத்தைக்காகச் செஞ்சு போடலாம்” என்று அவள்தான் முடித்தாள். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. சாப்பிட்ட கையோடு எழுந்து காரின் முன்மூடியைத் திறந்து பார்க்கப் போய்விட்டார்.

ஐப்பசி மழை விட்டதும் வேலை ஆரம்பித்தது. மாடுகளை விற்ற பிறகு கட்டுத்தரை காலியாகத்தான் கிடந்தது. காரை அதற்குள் தள்ளி நிறுத்தினார்கள். பக்கத்துப் புளியமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டி எஞ்சினைத் தூக்கினார்கள். சைலன்சர், ரேடியேட்டர், பெட்ரோல் டேங்க் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கியர் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். புது மோட்டாரையும் பழைய கியர் பெட்டியையும் இணைக்க ஒரு வட்டத் தகடு வேண்டியிருந்தது. அதைப் பொள்ளாச்சி லேத்தில் கடையக் கொடுத்தார்கள். மயிரிழை சரியில்லை என்று மூன்று முறை திருப்பிக் கொண்டுபோனார்கள். மூன்று முறையும் இருவரும் சேர்ந்தேதான் போனார்கள். செங்கல் அளவில் இருபத்துநாலு பேட்டரி செல்கள் வந்தன. அவற்றை அவள் அடுக்கினாள், அவர் எடுத்துக் கொடுத்தார். கட்டிலில் கால் நீட்டிப் படுத்தே பழகிய மனிதர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தார்.

என் சமையலறை ஜன்னல் கட்டுத்தரையைப் பார்த்து இருக்கிறது. நடுவில் பதினைந்து எட்டு வைக்கிற தூரம்கூட இல்லை. நான் ஒட்டுக்கேட்டதாக நீங்கள் நினைக்கக் கூடாது. நான் சமைத்துக்கொண்டுதான் இருந்தேன். பேச்சு தானாக வந்து விழுந்தது.

“ஒரே மூச்சுல சார்ஜ் ஏத்தக் கூடாதுங்க மாமா. செல்லு சூடாயிரும்.”

“மாட்டுக்குத் தீனி வெக்கற மாதிரின்னு சொல்லு. ஒரேடியாப் போட்டா வயிறு உப்பிக்கும்.”

“உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் மாடுதானுங்களா?”

“மாட்டத்தான் வித்தாச்சே. கட்டுத்தரையில நிக்கறதெல்லாம் இனி மாடுதான். இதுல பால் எங்க கறக்கறதுன்னு நீ காட்டு.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவருடைய சிரிப்புக்கு ஒரு சத்தம் உண்டு என்பதை நான் அறுபத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். காபி கொண்டுபோனால் பேச்சு நின்றுவிடும். டம்ளரை வாங்கிக்கொண்டு “ம்” என்பார். நான் திரும்பி நாலு எட்டு வைத்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும். நாளாக ஆக கிரைண்டர் போடுவதை நான் மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தேன். அவர்கள் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரம் அது. வேலை நேரத்தில் கிரைண்டர் ஓடினால் எதுவும் காதில் விழாது.

மார்கழியில் ஒருநாள் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி முதல்முறையாக மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். “இந்தா, இங்க வா” என்று அவர் என்னைக் கூப்பிட்டார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நான் மாவுக் கையோடு ஓடினேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனதும், “தள்ளி நில்லு, சேலை மாட்டிக்கும்” என்றார். பிறகு அவளிடம் திரும்பி, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கேட்டார். அவ்வளவுதான். நான் கொஞ்ச நேரம் தள்ளி நின்றுவிட்டு வந்தேன்.

“அத்தை, கேளுங்க, சத்தமே இல்ல பாருங்க” என்று அவள்தான் என் கையைப் பிடித்துச் சொன்னாள். மாவு ஒட்டியதைக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது எர்த் குழியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

காரை சார்ஜ் செய்யக் கனமான பிளக் வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது என் கிரைண்டர் பிளக் ஒன்றுதான். அதிலிருந்து ஒயர் எடுத்து ஜன்னல் வழியாகக் கட்டுத்தரைக்கு விட்டார்கள். காருக்கான சுவிட்ச் என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்தது. அனுப்பிரியா என்னை உட்காரவைத்து விளக்கினாள்.

“அத்தை, கரண்ட்டு தப்பான எடத்துக்குப் போனா அதை மண்ணுக்குள்ள எறக்கிவிடத்தான் இந்த எர்த் கம்பி. ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில கறிவேப்பிலைச் செடிக்கிட்ட குழி இருக்குதுல்ல, அதுல போய் முடியுது. நம்மூரு வெயிலுக்கு மண்ணு காஞ்சு போச்சுன்னா கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். தெனமும் ஒரு கொடம் தண்ணி ஊத்தோணும். அப்பறம் மீட்டர் பெட்டியில இருக்கற ட்ரிப்பர். எங்கியாவது கசிஞ்சா அது பட்டுன்னு உழுந்து கரண்ட்ட நிறுத்திரும். வாரம் ஒருக்கா இந்தப் பட்டனை அமுக்கிப் பாருங்க, உழுந்தா நல்லா இருக்குதுன்னு அர்த்தம். இந்த ரெண்டும் உங்க பொறுப்புங்க.”

“எனக்கெதுக்கு கண்ணு இதெல்லாம்?”

“வேற ஆரு பாப்பாங்க? மாமா மறந்துருவாரு. நீங்கதான் மறக்கவே மாட்டீங்க.”

இன்னொன்றும் சொன்னாள். இது இரண்டும் போனாலும் காலில் ரப்பர் செருப்பு இருந்தால் உயிர் தப்பிக்கலாம், அதனால் கட்டுத்தரைக்குள் யாரும் வெறுங்காலோடு வரக்கூடாது என்றாள். வாசலில் மூன்று ஜோடி வாங்கிப் போட்டாள். எனக்கு வாங்கியது பச்சை நிறம், அவளுக்கு நீலம்.

நான் தினமும் ஒரு குடம் ஊற்றினேன். நாற்பது நாள் ஒருநாளும் விடவில்லை. காலையில் அவள், “அத்தை, குழிக்கு ஊத்தினீங்களா?” என்று கேட்பாள். “ஊத்தினேன் கண்ணு” என்பேன். எனக்கு அது பிடித்திருந்தது.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை. ஒறம்பரை, சொந்தக்காரர்கள் வருவதால் அன்றைக்கு மட்டும் காலையிலேயே இட்லி மாவு ஆட்டினேன். மாவை வழிக்கக் கிரைண்டரை நிறுத்தினேன். கட்டுத்தரைப் பேச்சு பாதியிலிருந்து காதில் விழுந்தது.

“... பாத்தே செஞ்சறீங்களே, எங்க மாமா பழகுனீங்க?”

“இருபத்திநாலு வயசுல ஊட்ட விட்டு ஓடிப்போயிட்டேன் அம்மிணி. காந்திபுரத்துல ஒரு வைண்டிங் கடை. ஒம்பது மாசம் இருந்தேன். எங்கய்யன் வந்து காதப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு.”

“எதுக்குங்க?”

“எதுக்கு, கல்யாணம் பண்ணி வெக்கத்தான்.”

“அங்கியே இருந்திருந்தா?”

“இருந்திருந்தா நானும் உன்னாட்ட ஒரு கம்பெனியில உக்காந்திருப்பேன். இந்தத் தோப்பு, இந்தக் குடும்பம், இதெல்லாம் ஆரு கண்டா?”

ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்டாள்.

“அத்தைக்கு இது தெரியுமுங்களா?”

“அவகிட்ட எதுக்கு அதெல்லாம்? அவளுக்கு என்ன புரியும்?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் மாவை வழித்தேன், உப்புப் போட்டுக் கரைத்தேன், மூடிவைத்தேன். நாற்பத்தாறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவருடைய ஒன்பது மாதத்தை ஒரு புதன்கிழமை ஜன்னல் வழியாகத் தெரிந்துகொண்டேன். அது பரவாயில்லை. என்னைக் கட்டுவதற்காக அவர் காதைப் பிடித்து இழுத்துவரப்பட்டார் என்பதை எனக்கு முன்னால் அவள் தெரிந்துகொண்டாள்.

அன்றைக்குக் குழிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

மறுநாள் காலை அவள் கேட்டாள். “ஊத்தினேன் கண்ணு” என்றேன். சொல்வதற்குச் சிரமமாகவே இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். பங்குனி வெயிலில் குழியைச் சுற்றி மண் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்தது. கறிவேப்பிலைச் செடி வாடியது. செடிக்கு மட்டும் பக்கத்தில் பார்த்து ஒரு சொம்பு ஊற்றினேன். குழியில் படாமல் ஊற்றினேன்.

எனக்குப் பொறாமை என்று அனுப்பிரியாவின் அம்மா உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது சரியல்ல, சார். மகள் வயதுள்ள பெண்ணிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது? அவர் அவளைத் தவறாக ஒரு பார்வைகூடப் பார்த்ததில்லை. அவர்கள் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நான் ஒரு ஒழுங்கைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு வீட்டில் பேச்சு என்று இருந்தால் அது முதலில் யாருக்குச் சேரவேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது.

பங்குனி நடுவில் ட்ரிப்பர் அடிக்கடி விழ ஆரம்பித்தது. என் கிரைண்டர் பழசு, அதில்தான் கசிகிறது என்று அனுப்பிரியா கண்டுபிடித்தாள். புதுசு வாங்கும்வரை அதைத் தொடாதீர்கள் என்றாள். அவர்கள் இருவரும் பாலக்காட்டில் வண்டி ஆபீசுக்குப் போன ஒருநாள், நான் கொல்லங்கோட்டிலிருந்து எலக்ட்ரீசியன் வேல்முருகனை வரவழைத்தேன். காரை ரோட்டில் ஓட்ட அனுமதி வாங்க அவர்கள் எழுதிப்போட்டிருந்தார்கள். அது வரும்வரை தோப்புக்குள் மட்டும்தான் ஓட்டமுடியும். அதற்காகத்தான் அந்த ஆபீசுக்கு அலைந்தார்கள்.

வேல்முருகன் ட்ரிப்பரைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“பெரியம்மா, இது காவலுக்கு இருக்கறதுங்க. இத எடுத்து உடக் கூடாது. கிரைண்டர மாத்துங்க.”

“மாத்தறேன் சாமி. ஊட்ல ஒறம்பரை வருது, பத்து நாளைக்கு டைரக்டாப் போட்டுக் குடு.”

“மாமனுக்குத் தெரியுமுங்களா?”

“அவரு சொல்லித்தான் உன்னய வரச் சொன்னேன்.”

அவன் போட்டுக்கொடுத்தான். வெளியே பார்த்தால் ட்ரிப்பர் பழையபடி நிமிர்ந்தே இருந்தது. உள்ளே அதற்கு வேலை இல்லை. அந்தப் பையன் மேல் தப்பில்லை. நான் பொய் சொன்னேன், அவன் நம்பினான். அவனைக் கூப்பிட்டு விசாரித்தால் அதட்டாமல் கேளுங்கள். வயதில் மூத்தவள் சொன்னால் தட்டத் தெரியாத பிள்ளை.

அன்றைக்கு நான் நினைத்தது கிரைண்டரை மட்டும்தான். இதுவரை எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். எழுதும்போது பார்த்தால், அந்தப் பத்து நாளில் நான் ஒருமுறைகூடக் கிரைண்டர் போடவில்லை. பக்கத்துத் தோப்பு ராக்கப்பன் வீட்டு மெஷினில் கொடுத்துத்தான் மாவு அரைத்துக்கொண்டேன்.

“அத்தை, ட்ரிப்பர் இப்ப உழுகறதே இல்லீங்களே, பட்டனை அமுக்கிப் பாத்தீங்களா?”

“பாத்தேன் கண்ணு. நல்லா உழுகுது.”

“அப்ப கிரைண்டருதான், சந்தேகமே இல்ல” என்று அவள் நிம்மதியாகப் போனாள். என்னை அவள் சோதித்துப் பார்க்கவேயில்லை. அவருக்கு நான் ஒன்றும் தெரியாதவள். அவளுக்கு நான் மறக்கவே மாட்டாதவள். இரண்டு பேருமே என்னைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

சித்திரை ஒன்றாம் தேதி காருக்குப் பூஜை போட்டு, தோப்புக் கோடியில் இருக்கிற கன்னிமார் சாமிவரை ஓட்டிப்போவதாக முடிவானது. அதற்கு இரண்டு நாள் முன்னால் கட்டுத்தரையைக் கூட்டப்போனேன். காருக்குப் போகிற ஒயரை எலி கடித்திருந்தது. ஒரு விரல் நீளத்துக்கு மேல்தோல் போய், உள்ளே செம்பு தெரிந்தது. அந்த இடம் காரின் முன்பக்கத் தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளித் தரையில் கிடந்தது. அவர்கள் இருவரும் அப்போது வண்டிக்குள் உட்கார்ந்து சீட்டுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அவர் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், அவள் ‘அப்பறமுங்க, அப்பறமுங்க’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குறுக்கே பேசுவது எனக்குப் பழக்கமில்லை. அந்த இடத்தின் மேல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

சித்திரை ஒன்று காலையில், அவர்கள் குளிக்கப் போயிருந்த நேரம், மறுபடியும் கூட்டினேன். சாக்கை எடுத்தேன். சீமாற்றால் ஒயரை ஒதுக்கிவைத்தேன். செம்பு தெரிந்த இடம் தகட்டோடு ஒட்டினாற்போல் தூக்கி ஒதுக்கிவைத்தேன். பிறகு தரையெல்லாம் ஈரமாக இருக்கும்படி சாணம் கரைத்துத் தெளித்தேன். விசேஷ நாளில் தெளிப்பதுதான்.

சார்ஜ் முந்தின நாளே நிறைந்திருந்தது. சுவிட்சை அவளே அணைத்திருந்தாள். ஒயரைக் காரிலிருந்து கழற்றவில்லை. கிளம்பும்போது கழற்றிக்கொள்ளலாம் என்றாள்.

அவள் மஞ்சள் நிறப் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கையில் ஆலாத்தித் தட்டோடு வந்தாள். காலில் அந்த நீல ரப்பர் செருப்பு.

“செருப்பக் கழட்டு கண்ணு. சாமி காரியம்.”

“செருப்பில்லாம உள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நான்தானுங்க அத்தை.”

“சட்டமெல்லாம் மனுசருக்கு. கன்னிமாருக்குமா?”

என் கணவர் புளியமரத்தடியில் நின்று போனில் பையனுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சிரித்துக்கொண்டு, “கழட்டிரு அம்மிணி, அவ உட மாட்டா” என்றார். அவர் என்னைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அவள் கழற்றினாள். ஆலாத்தி சுற்றி வாசலில் ஊற்றினாள். தட்டைக் கழுவிய ஈரக் கை.

“அத்தை, மொத ஓட்டம் முன் சீட்டுல நீங்கதான் உக்காரோணும். உங்களுக்காகச் செஞ்ச வண்டி.”

“உக்காரறேன் கண்ணு. நீ பொட்டு வெச்சுட்டிரு. நான் கற்பூரம் எடுத்துட்டு வாரேன்.”

கற்பூரம் பூஜை அறையில் இருந்தது. சமையலறையில் எனக்கு எந்த வேலையும் இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடது கையில் குங்குமக் கிண்ணம். வலது கையைக் காரின் முன்மூடியில் ஊன்றிக் குனிந்திருந்தாள். சுவிட்சைப் போட்டேன். சத்தம் எதுவும் வரவில்லை. அவர் முதுகைக் காட்டி நின்று பையனிடம் பேசிக்கொண்டிருந்தார். கிண்ணம் விழுந்த பிறகுதான் திரும்பினார். அதுவரை நான் விரலை எடுக்கவில்லை. அவர் ஓடிவந்தார். அவர் கை அவள் மேல் படுவதற்குள் அணைத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பூஜை அறைக்குப் போய்க் கற்பூரத்தை எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது. பையன் அடுத்த நாள் வந்தான். வந்தவர்கள் போனார்கள். வீட்டில் நானும் அவரும் பையனும்தான். பையன் மாடியை விட்டு இறங்கவில்லை. அவருக்கு இனிப் பேசுவதற்கு நான்தானே இருக்கிறேன் என்று நினைத்தேன். காபி கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “காந்திபுரத்துல எந்தத் தெருவுங்க?” என்றுகூட ஒருநாள் கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பு டம்ளரை வாங்கும்போது ‘ம்’ என்று ஒன்று வரும். அதுவும் நின்றுவிட்டது.

பிறகு மின்சாரப் பரிசோதனைக்கு ஆள் வந்தது. ட்ரிப்பரைத் திறந்து பார்த்து, இதை யார் எடுத்துவிட்டது என்று கேட்டார்கள். அவருக்கு அது தெரியாது. அனுப்பிரியாதான் அவசரத்துக்கு எடுத்துவிட்டிருப்பாள் என்று அவர் நினைத்தது எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது. செத்துப்போன பெண்ணின் மேல் ஒரு சொல் வரக்கூடாது என்பதற்காக, “நான்தானுங்க எடுத்துவிட்டேன். சுவிட்ச அணைக்க மறந்ததும் நான்தானுங்க” என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் தெளிவாக இருந்தது. நேற்று நீங்கள் அவரை இங்கே அழைத்து வந்தீர்கள்.

இன்று காலை அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது ரிஞ்சு மேடம் வாசலில் நின்றார். மலையாளமும் தமிழுமாகக் கலந்து பேசுவார், பாசமாகப் பேசுவார்.

“அப்பா நேத்து ரெண்டு மணிக்கூர் பேசினார் அம்மே. சாரும் நானும் கேட்டுட்டே இருந்தோம். எல்லாம் மருமகளைப் பத்திதான். அவ எப்படிச் சிரிப்பா, எப்படித் திட்டுவான்னு. கேக்கறப்ப எனக்கே கண்ணு நெறஞ்சுருச்சு.”

“என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களா?”

“சொன்னார். உங்களையும் கூப்பிட்டு விசாரிக்கணும்னு சார் சொன்னப்ப, ‘வேண்டாமுங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்’னு சொன்னார்.”

நான் சாப்பாட்டுத் தூக்கை ரிஞ்சு மேடத்திடம் கொடுத்தேன். பிறகு உள்ளே வந்து, எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் சொன்னேன்.

பச்சாத்தாபம் வந்து எழுதுகிறாளா, புருஷனைக் காப்பாற்ற எழுதுகிறாளா என்று நீங்கள் யோசிப்பீர்கள். உண்மை தெரியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், அவ்வளவுதான். அந்தச் சாவில் அவர்கள் இருவர் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று ஊரும் நீங்களும் அவரும் நினைப்பது தப்பு. கம்பி மண்ணுக்குள் எதற்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். ட்ரிப்பர் எதற்கு விழுகிறது என்று தெரியும். ஈரக் காலும் ஈரக் கையும் என்ன செய்யும் என்று தெரியும். ஒருமுறை சொல்லிக்கொடுத்ததில் எல்லாம் எனக்குப் புரிந்தது. அனுப்பிரியாவைக் கொன்றது நான்தான். என் கணவருக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். இதை அவரிடம் மலையாளத்தில் சுருக்கிச் சொல்லிவிடாதீர்கள். நான் எழுதியிருக்கிற தமிழிலேயே, ஒரு வரி விடாமல், மெதுவாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் அவர் என்ன சொல்கிறார் என்று ரிஞ்சு மேடத்திடம் சொல்லி அனுப்புங்கள். திட்டினாலும் சரி, சபித்தாலும் சரி, எனக்கு வருத்தமில்லை. இனிமேல் அவர் யாரிடம் எத்தனை மணி நேரம் பேசினாலும் அது என்னைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கமுடியும்.